துத்தநாகமும் மச்சானின் கன்னமும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய என் மச்சான் தேவராஜ், பெருங்களத்தூரில் தன் வீட்டு நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு இடது கன்னத்தின் உட்புறம் கேன்சர். முப்பது வருடமாகப் புகையிலை அடக்கிய இடம். ஆபரேஷனுக்கு நாள் குறித்து, பெட்டும் ஒதுக்கியாகிவிட்டது. அவனைக் கிளப்பப் போன என் மனைவி – அவனுடைய அக்கா – பூத்திலிருந்து போன் செய்து அழுதாள். ஓடினேன்.

"இன்னாடா இது? அங்க பெட்டு காலியா கீது!"

"நான் வர்ல மாமா. ஆறு மாசம் மாத்திரை துன்னுப் பாக்கறேன். நீதானே குட்த்தே?"

ஆமாம்... நான்தான் கொடுத்தேன்.

துத்தநாகத்தைப் பற்றி என்னிடம்தான் கேட்க வேண்டும். இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், குரோம்பேட்டையில் சொந்தமாகப் பட்டறை போட்டு, துத்தநாகப் பூச்சுக்காக உருகிய ஜிங்க் தொட்டியில் இரும்பை முக்கி எடுக்கிறேன். தாம்பரம் பக்கம் எந்த மொட்டை மாடிக் குழாயை வேண்டுமானாலும் பாருங்கள். பாதி என் தொட்டியில் குளித்தது. எத்தனை ஐப்பசி அடைமழை வந்தாலும் துரு அண்டாது!

போன மாதம் மருந்துக் கடையில் ஜிங்க் மாத்திரையைப் பார்த்தேன். விடுவேனா? இரும்பைக் காக்கிற சரக்கு உடம்பைக் காக்காதா? இரண்டு டப்பா வாங்கி மச்சானிடம் கொடுத்தேன். "துருவும் கேன்சரும் ஒரே ஜாதிடா. ரெண்டும் அரிக்கிறதுதான்" என்றேன்.

நான் சொன்னால் எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. அதுதான் வினையாகிவிட்டது.

டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மாவிடம் போனேன். "இது வேலை செய்யுமா, செய்யாதா?"

"உங்க தொட்டியில ஜிங்க் இரும்பு மேல உட்கார்ந்துடும் சார். உடம்புல ஒவ்வொரு செல்லுக்கு உள்ளேயும் அது வேலை பாக்குது. செல் வளரவும் அது வேணும். டைம் வந்தா செல் தானா சாகறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு. கேன்சர் செல்னா, சாக மறந்துட்ட செல்னு வெச்சுக்கோங்க."

"அப்போ இந்த மாத்திரை அதுக்கு ஞாபகப்படுத்தாதா?" – நான் விடவில்லை.

"படுத்தலாம். படுத்தாமலும் போகலாம். அது வளரத் தீனியாவும் ஆகலாம். சில கட்டியில ஜிங்க் கம்மி, சிலதுல ஜாஸ்தி. ஏன்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. அளவு மிஞ்சினா ரத்தசோகை வேற வரும். கட்டியை எடுக்கறதுக்கு இது பதில் இல்லை சார். நாலு மணி வரைக்கும் பெட் வெச்சிருப்பேன். கூட்டிட்டு வாங்க."

திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நகரவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. இதைச் சொல்ல டாக்டர் எதற்கு? என் பட்டறையிலேயே பதில் இருக்கிறதே! மச்சானும் அங்கே பத்து வருடம் வேலை பார்த்தவன்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவனிடம் கேட்டேன்: "டேய், துருப் புட்ச்ச பைப்பு வந்தா இன்னா பண்ணுவே?"

"ஆசிட்ல போட்டு துருவ எடுப்பேன்."

"எடுக்காம ஜிங்க்ல முக்கினா?"

"புடிக்காது மாமா. வுட்டுப்பூடும்."

"அப்போ உன் கன்னத்துல கீறது?"

கன்னத்தைத் தடவினான். மெதுவாகச் சொன்னான்: "கன்னத்த வெட்டுவாங்களாமே... மூஞ்சி கோணிப்பூடும் மாமா."

ஓஹோ! இதுதானா சங்கதி? மாத்திரை மேல் நம்பிக்கை இல்லை, கத்தி மேல் பயம். அந்தப் பயம் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தவன் நான்.

"உன் மூஞ்சிய நம்பி பொண்ணு குட்த்தவங்க குட்த்தாச்சி. இனிமே யாருக்குடா காட்டப்போறே?"

சிரித்துவிட்டான். வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "இரு மாமா... சட்ட மாட்டிகினு வரேன்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். டாக்டரம்மா, "முழுசா எடுத்தாச்சு, இனி கரெண்ட் வைக்கணும், அதான் ரேடியேஷன்" என்றார். மச்சானுக்கு மூக்கில் டியூப், வாயில் தையல். பேச முடியாது. என்னைப் பார்த்ததும் பேப்பர் கேட்டு வாங்கி எழுதினான்: "மாமா, ஆசிட் முடிஞ்சிது. ஜிங்க் எப்போ?"

"டாக்டரம்மாவக் கேளுடா" என்றேன்.

துத்தநாகத்தைப் பற்றி இப்போதும் என்னிடம்தான் கேட்க வேண்டும் – இரும்பாக இருந்தால்!