முல்லையாற்று ஊற்றும் அக்கா கேட்ட ராத்திரி முறையும்

தேனிப் பக்கம் போகிறவர்கள் சுருளி அருவி, மேகமலை என்று எழுதித் தள்ளுகிறார்கள். நான் எழுதப்போவது ஒரு சாக்கடையைப் பற்றி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம், சித்திரை மாதம். வைகை கடலில் சேரும் முகத்துவாரத்தில் எங்கள் ஊர். அக்காவைக் கட்டிக்கொடுத்ததோ தேனிக்கு அருகே, அதே வைகையில் வந்து சேரும் முல்லையாற்றின் கரையில் ஒரு கிராமத்தில். அவள் மகளுக்கு இரண்டு வயது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று செய்தி வந்தது. தாயையும் பிள்ளையையும் கையோடு கூட்டிவா என்று அம்மா என்னை அனுப்பினாள்.

ராமநாதபுரம் வழியாக மதுரைக்குப் பஸ். அங்கிருந்து போடி போகும் மீட்டர் கேஜ் ரயில். மதுரையிலிருந்து தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் முக்கி முனகி ஏறும்போது இறங்கிக் கூடவே நடந்துவிடலாம் போலிருந்தது. மடியில் மடவைக் கருவாட்டுப் பை வேறு. பக்கத்து சீட்டுக்காரர் உசிலம்பட்டியிலேயே இடம் மாறிக்கொண்டார். தேனியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்.

நான் போவதற்குள் பிள்ளை வீடு திரும்பியிருந்தாள். தூக்கினால் எடையே இல்லை.

கோடையில் மலையடிவாரத்து லோயர் கேம்ப் மின்நிலையத்திலிருந்து விடும் தண்ணீரைக் குறைத்துவிட்டால் அங்கே ஆறு வெறும் மணல். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்பார்கள். சற்று மேலே ஒரு டவுனின் சாக்கடை வாய்க்கால் ஆற்றில் விழுகிறது. பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். பகலில் ஒரு சொட்டுகூட விழாது. சத்துள்ள தண்ணீர் என்று தோப்புக்காரர்கள் முறை வைத்துத் தென்னைக்குப் பாய்ச்சிக்கொள்வார்கள். ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யார் மடை மாற்றுவது? விடியும்வரை அத்தனையும் ஆற்றுக்குத்தான், மணலுக்கடியில் அந்த ஊற்றுகளுக்கும்தான்.

கிளம்பு என்றேன். ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, முறை பேச ஊர் கூடியிருந்த இடத்துக்குப் போனாள் அக்கா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். யாரும் எடுக்காத முறையை ஊர்க்காரர் ஒருவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

"ராத்திரி முறைய எங்க தெருப் பொம்பளைகளுக்குக் குடுங்க," என்றாள்.

பெரிய தோப்புக்காரர் சிரித்துவிட்டார். "ஒனக்கு அங்கன ஒரு குழி நெலம் கெடையாதே ஆத்தா. தண்ணிய வாங்கி என்ன செய்வ?"

"தண்ணி வேணாம் மாமா. அது ஆத்துல விழாம இருந்தாப் போதும். பொட்டல்ல திருப்பி விட்டுக்கிறோம்."

என் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார் அவர். பிறகு முறையைக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து இரண்டு இரண்டு பேராக மண்வெட்டியும் லாந்தருமாகப் போனார்கள். ஆற்றைவிட்டுத் தள்ளியிருந்த ஊர்ப்பொட்டல் சாக்கடையைக் குடித்தது. இன்று இதற்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறோம். கட்டத்தான் வேண்டும். அன்று அவர்களிடம் இருந்தது அந்த மண்தான். ஊற்றுகளை இறைத்துப் புதிதாகத் தோண்டினார்கள், தண்ணீரைக் காய்ச்சினார்கள். மாதக் கடைசியில் பிள்ளை கருவாட்டுக்குக் கை நீட்டினாள்.

நான் தனியாகத் திரும்பியதற்கு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் முகத்துவாரத்தில் மீன் செத்து ஒதுங்கினால் கடலைத்தான் திட்டுவோம். ஆறு என்னத்தைச் சுமந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை.

நீங்கள் போவதானால் ஆவணிக்கு மேல் போங்கள், ஆறு நிறைந்து ஓடும், வயலெல்லாம் பச்சையாக இருக்கும். குளிக்க இறங்குமுன் மேலே எந்த வாய்க்கால் சேர்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

மறு வருடம் பொட்டலில் முழங்கால் உயரத்துக்குப் புல். தோப்புக்காரர் அக்கா வீட்டுக்கே வந்து, மாட்டுக்கு ஆகும், ராத்திரி முறையைத் திருப்பித் தா என்று கேட்டாராம்.

"புல்ல அறுத்துக்கங்க மாமா," என்றாளாம் அக்கா. "முறை எங்ககிட்டயே இருக்கட்டும்."