சிவப்பு வண்டியின் பின்பக்கம்

சிவப்பு எஸ்.யூ.வி. ஒன்று எங்கே நின்றாலும் சுற்றிப் போய் அதன் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். கூட வருபவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். நாங்கள் தயாரித்த சின்ன எஸ்.யூ.வி. இரண்டு கம்பெனிகளின் பெயரில் விற்பனைக்குப் போனது. அடித்தளம், எஞ்சின், கதவு எல்லாம் ஒன்று. முன்னால் கிரில்லும் பின்கதவில் ஒட்டும் சின்னமும்தான் வேறு. அந்தச் சின்னத்தை ஒட்டுவது என் வேலை. கடத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்வந்த ஒப்பந்தத் தொழிலாளி நான். இண்டூரில் ஏறும் லைன் லீடர் அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பேன். சிலுவை போட்டுக்கொள்ளாமல் அவர் லைனை ஓட்ட மாட்டார்.

எந்த வண்டிக்கு எந்தச் சின்னம் என்று கண்ணாடியில் சீட்டு இருக்கும். யார் படித்தோம்? சிவப்பு என்றால் முதல் கம்பெனி. மாதக்கணக்கில் அப்படியே வந்ததால் கை தானாகப் போகும். ஒரு நாள் இரண்டாவது கம்பெனியும் ஒரு சிவப்பு வண்டி கேட்டிருந்தது. ஷிஃப்ட் முடிகையில் அவர்களுடைய சின்னம் ஒன்று என் தட்டில் மிஞ்சிக் கிடந்தது. ஏற்கெனவே ஒரு தப்புக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். இன்னொன்று என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"தட்டுல என்னடி அது?" என்றார் அக்கா. பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. அந்த வாரம் அவருக்குப் பணி நிரந்தர ஆணை வருவதாக இருந்தது. "வண்டி லோடு ஏத்துற யார்டுக்குப் போயிருக்கும். ஓடு!"

பஸ் ஹாரன் அடிக்க அடிக்க ஓடினோம். ட்ரெய்லரில் கடைசியாக ஏற்றிய வண்டியில் முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் இன்னொரு கம்பெனி. டிரைவர் ட்ரெய்லரைக் கிளப்பிவிட்டார். அக்கா குறுக்கே போய் நின்றார். "ரெண்டு நிமிசம் பொறுங்கண்ணா!" மேலே ஏறி, சின்னத்துக்கு அடியில் நைலான் நூலை விட்டு அறுத்தார். நூல் விரலில் இறங்கி ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. சரியான சின்னத்தை நான் ஒட்டும்போது அதிகாரி வந்து நின்றார்.

"முதல்ல ஒட்டுனது யாரு?"

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க சார்" என்றார் அக்கா.

ஆணை வரவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அவர் இடத்துக்கு லைன் லீடராக வந்தவள் நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் இண்டூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சிவப்பு வண்டி ஒன்று நின்றது. வழக்கம்போலச் சுற்றிப் போனேன். பின்னால் அக்கா நின்றிருந்தார்.

"சரியா ஒட்டியிருக்காங்களான்னு பாக்கறயா?" என்று சிரித்தபடி சின்னத்தைத் தடவினார். விரலில் வெள்ளையாக அந்த நூல் அறுத்த கோடு.

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணுங்கக்கா."

அவர் சிரிப்பு நின்றது. "இந்த ஒரு வார்த்தைக்கா இத்தன வருசம்?" என்றார்.

வண்டிக்காரர் வந்து வண்டியை எடுத்தார். அது திரும்பி மறையும்வரை இருவரும் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.