ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு டின் கார பிஸ்கட்

காலை ஆறே முக்காலுக்குக் கண்டியில் ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினேன். மடியில் இரண்டு பெரிய பாக்கெட் கிரீம் கிராக்கர், ஒரு காலி பால்மா டின், ஓட்டைக் குடை. டிக்கட் எண்பத்தெட்டு ரூபா. தூரம் முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட என்றாலும், வளைவுகளைச் சேர்த்து நீட்டிப் பார்த்தால் கொழும்புக்கே போய்விடலாம் போலிருக்கும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மனைவி வசந்தா. மூன்று வாரத்துக்கு முன் அவளுக்கு வந்த காய்ச்சல் போய்விட்டது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வரும், எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர்! நான் என்ன சமைத்து வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு, "பஞ்சைத் திங்கிற மாதிரி இருக்குங்க" என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. நகரசபையில் கோப்பு புரட்டிக்கொண்டிருக்கும்போதும் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நிற்கும். உண்மையைச் சொன்னால், பயந்துபோயிருந்தேன். போன வாரம் அவளாகவே வாய் திறந்து கேட்டாள்: "அக்கா செய்யிற கார பிஸ்கட் இருந்தா திம்பேன்."

அக்கா ராசாத்தி ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். எனக்கு மதினி. போன் எடுத்தேன். "யார்கிட்டயும் குடுத்தனுப்ப மாட்டேன் தம்பி, வழியிலேயே நமுத்துப் போகும். நீங்களே வந்து கத்துக்கிட்டுப் போங்க. அடுத்த வாரமும் அவ கேப்பால்ல?" என்றார். மறுக்க முடியுமா?

ஏழரைக்குத் தலாத்துஓயா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரக்கறி வியாபாரி என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தோட்டத்துக் கடையில பிஸ்கட் இல்லையா, தம்பி?"

"இருக்கு. இதக் காரமாக்கித் திருப்பிக் கொண்டு வரப் போறேன்."

அவர் தன் மரக்கறிக் கூடையை என் பக்கமிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

ஒன்பது பத்துக்கு இறங்கி, தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி ஒன்றரை மைல் ஏற்றம். மதினி லயத்து வீட்டு வாசலிலேயே நின்றார். எனக்காக அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு என்று நான் வருந்தியதற்கு, "வாங்க, வாங்க, பேரு நாளைக்கும் கெடைக்கும்" என்று குசினிக்குள் இழுத்துப் போனார்.

பத்து மணிக்கு நான் செய்த முட்டாள்தனத்தை எழுதியே ஆகவேண்டும். மதினி விறகு எடுக்கப் போயிருந்தார். அம்மியைக் கண்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. மூன்று வாரமாகச் சம்பல் அரைத்துப் பழகிய கை அல்லவா? காய்ந்த மிளகாயையும் பூண்டையும் தண்ணீர் தெளித்து நைசாக அரைத்து, ஒரு பாக்கெட் பிஸ்கட் முழுவதும் பூசிவிட்டேன். பார்க்கச் செக்கச்செவேலென்று அழகாகத்தான் இருந்தது. மதினி திரும்பி வருவதற்குள் எல்லாம் கூழாகிப் போனது.

"அய்யய்யோ தம்பி! பிஸ்கட்டுல கஞ்சி காச்சிட்டீங்களே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி ஒரே ஒரு பாக்கெட்.

"இதுக்குத் தண்ணியே ஆகாது" என்று இரண்டாவது பாக்கெட்டை மதினி தன் பக்கம் வைத்துக்கொண்டார். தாச்சியில் தேங்காயெண்ணெய் சூடானதும் இறக்கி, இடித்த மிளகாய், மிளகு, நசுக்கிய பூண்டு, உப்பு, கறிவேப்பிலை. எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு டின்னுக்குள் பிஸ்கட்டை அடுக்கி ஊற்றினோம். மூடி, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் டின்னை மெதுவாகப் புரட்டுவது என் வேலை. எண்ணெய் முழுவதையும் பிஸ்கட் குடித்ததும், அதே தாச்சியைத் துடைத்து மணல் பரப்பித் தணலில் வைத்தார். மணலில் மூன்று கல், கல் மேல் தகரத் தட்டு, தட்டில் பிஸ்கட், மேலே மூடி. அதுதான் அந்த வீட்டு அவண்.

வெந்ததா என்று நான் விரலால் அழுத்திப் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "தொட்டா தெரியாது. காதுகிட்ட வச்சு ஒடச்சுப் பாருங்க." உடைத்தேன். சத்தமே இல்லை. மறுபடி மூடினோம். மூன்றாம் தடவை 'படக்' என்றது.

ஒன்றரைக்கெல்லாம் மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டது. மதினி அவசரமாக டின்னில் அடைத்து, மெழுகுவர்த்தியை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றினார். "அவ மொகத்துக்கு முன்னால தான் தொறக்கணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்லிக்கொண்டார்.

தொழிற்சாலை வாசலை எட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே கூரைக்கடியில் ஒதுங்கினேன். காவல்காரர் ஓடி வந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க, வெளிய நில்லுங்க. ஒங்க மேல ஒரே பூண்டு வாசம். தேயிலை எல்லாத்தையும் இழுத்துக்கும்."

"நான் எங்க, தேயிலை எங்க?"

"அதுக்கு இந்தத் தூரமே போதும் சார்."

வெளியே வந்து ஓட்டைக் குடையை டின்னுக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தேன். அத்தனை தூரத்தில் ஒரு காய்ந்த இலைக்குத் தெரியும் வாசம் வசந்தாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்குத் தெரியப் போகிறது?

மாலை ஆறு மணிக்குக் கண்டி, கட்டுக்கலையில் எங்கள் வீடு. சட்டையைக்கூட மாற்றாமல் அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தேன். பூண்டும் கறிவேப்பிலையும் வீட்டை நிறைத்தன. அவள் குனிந்து மூச்சை இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். தலையை ஆட்டினாள்.

"ஒண்ணும் வரலங்க."

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். படக். மென்றாள். மூக்கு சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. ஐயோ, காரம் கூடிவிட்டதென்று தண்ணீர் எடுக்க எழுந்தேன். என் ஈரச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தண்ணி வேணாம். எரியுதுங்க. எரியட்டும்" என்று சொல்லி, இரண்டாவதை எடுத்தாள்.