ஜெபமாலையும் ஹேண்ட் பிரேக்கும்

பிச்சிப்பூ வாசத்தோடு ஏதாவது கருகும் வாசமும் சேர்ந்து வந்தால், இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்...

சில வருடங்களுக்கு முந்தைய கதை. நாகர்கோவிலில் என் முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். அக்கா குவைத்தில் நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு குளச்சலில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். வந்த கையோடு ஒரு பழைய ஃபியட் வாங்கினாள். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த கார்.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள், இல்லையென்றால் துணி போட்டு மூடி வைப்பார்கள். அக்காவுக்கோ அதில்தான் தினமும் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போக வேண்டும். டைனமோவை எடுத்துவிட்டு, பேட்டரி இறங்காமலிருக்க ஆல்டர்னேட்டர் வைத்தாள். மழையிலும் வழி தெரிகிற ஹெட்லைட், சீட் பெல்ட். கடைசியாக, முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர். டிஸ்க் போட்டால் அதையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அக்கா அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தாள்.

"இது ஒண்ணாவது அதுக்க சொந்த உறுப்பா இருக்கட்டும் மக்கா. பொறவு பாப்போம்."

அம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "குவைத்துல மனுசனுக்குப் பாத்த. இங்க கெழட்டு வண்டிக்கு நர்ஸ் வேலை பாக்கியா?"

வாக்குவாதம் முற்றி ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை அணைவரை ஏறி, இறங்கி வர வேண்டும். அம்மா பின்சீட்டில் இருப்பாள். வழியில் எங்கேயாவது மக்கர் பண்ணினால், காரை விற்றுவிட வேண்டும்.

அக்கா சரி என்றாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குவைத்தில் தனியாக இருந்த வருடங்களில் அவள் எனக்கு அனுப்பிய படங்களெல்லாம் இதே மாதிரி கார்கள்தான். அது அம்மாவுக்குத் தெரியாது.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. அணையில் டீ குடித்தோம். கண்ணாடியில் தொங்கவிட்ட பிச்சிப்பூ வாடக்கூட இல்லை. கிளம்பும்போது முன்சக்கரத்தின் பக்கமாகச் சுற்றி வந்தேன். அடுப்படியில் நிற்பதுபோல அனல்.

"அக்கா, வீலு சுடுது."

"வெயில்ல நின்னா சுடாதா? ஏறுட்டி."

இறக்கம் தொடங்கியதும் அம்மா ஜெபமாலையை எடுத்தாள். அவள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்குவாள், நாங்கள் "புனித மரியே" என்று முடிக்க வேண்டும். எந்தப் பயணமானாலும் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். நாங்கள் வாய்க்குள் முணுமுணுப்போம், "சத்தமா சொல்லுங்கட்டி" என்று அவள் திட்டுவாள்.

அப்போதுதான் அந்தக் கருகல் வாசம்...

அக்கா பெடலை மிதித்தாள். மறுபடியும் மிதித்தாள். அடுத்த மிதியில் பெடல் தரையைத் தொட்டதைப் பார்த்தேன்.

அவள் தலையைத் திருப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஏட்டி... பிரேக் இல்ல. அம்மைக்குத் தெரியாண்டாம்."

அந்தக் காரில் ஹேண்ட் பிரேக் டேஷ்போர்டுக்கு அடியில், குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நான் குனிந்து அதைப் பிடித்தேன்.

"பைய இழு. பெட்டெந்து இழுத்தா வண்டி திரும்பிரும்."

பின்னால் அம்மாவின் குரல். "அருள் நிறைந்த மரியே..."

"புனித மரியே!" என்றேன். கை கொஞ்சம் இழுத்தது.

அக்கா ஸ்டியரிங் பக்கத்துக் கியரை இரண்டாவதுக்குத் தள்ளினாள். எஞ்சின் அலறியது. வளைவில் எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. ஹாரனை அழுத்தியபடியே அதற்கும் ரப்பர் மரங்களுக்கும் நடுவில் நுழைந்தாள். கண்ணாடியை உரசுகிற தூரத்தில் பஸ் கடந்து போனது.

"புனித மரியே!" இந்தத் தடவை அக்கா.

இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. முதல் கியர். கார் ஒருமுறை குலுங்கியது. இடது பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு ஏறிப்போகும் ஒரு மண்பாதை தெரிந்தது. அக்கா அதற்குள் ஒடித்தாள். மேடு ஏற ஏறக் கார் தளர்ந்தது, முனகியது, நின்றது. நான் முழு பலத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

அம்மா ஜெபமாலையில் அந்தப் பத்து மணிகளையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எதுக்கு நிறுத்தினிய?"

"சும்ம... காட்சி பாக்க."

"ரப்பர் மரத்துல என்னட்டி காட்சி?"

அம்மா ஜெபமாலையைப் பையில் வைத்தாள். "வாய்க்குள்ள முணுமுணுக்க பிள்ளைய ரெண்டும் என்னைக்கும் இல்லாத பக்தியா கத்தும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு."

"பின்ன ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"நான் கத்தினா வண்டி நிக்குமா?"

அக்கா பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நீ ஜெயிச்சிட்ட. வித்துரலாம்மா."

அம்மா இறங்கி வந்து, புகைகிற சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாங்குறவன் வீட்லயும் பிள்ளைய இருக்கும்லா. மொதல்ல பிரேக்க ஒழுங்கா மாத்து. விக்கதப் பத்திப் பொறவு பேசுவோம்."

அந்தப் பேச்சு இன்றுவரை நடக்கவில்லை.

பிரேக் போனதற்குக் காரணம் அந்தப் பளபளப்பான சிலிண்டர்தான். டிரம் பிரேக்குக்காகச் செய்தது அது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. வழி முழுக்க பிரேக் விடாமல் உரசி, இறக்கத்தில் ஆயிலே கொதித்து ஆவியாகிவிட்டது. இப்போது புது சிலிண்டர் இருக்கிறது. பழையது அலமாரியில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில்.

நான் பெங்களூருக்கு வந்துவிட்டேன். ஆப்பில் அழைத்தால் கார் வருகிறது. யார் ஓட்டுகிறார், பிரேக் எப்படி இருக்கிறது, ஒன்றும் தெரியாமல் ஏறி உட்கார்கிறேன். ஃப்ளைஓவர் இறக்கத்தில் மட்டும் என் கை எனக்குத் தெரியாமல் டேஷ்போர்டுக்கு அடியில் எதையோ தேடும்...

ஊருக்குப் போனால் ஃபியட்டில்தான் சுற்றுவோம். எங்கே நிறுத்தினாலும் அக்கா ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய், காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். அம்மா இப்போது முன்சீட்டுக்கு வந்துவிட்டாள்.

இறக்கம் வந்ததும் ஜெபமாலை தொடங்கும். பின்சீட்டில் நான் அரைத் தூக்கத்தில் முணுமுணுப்பேன். அக்காவும் அப்படித்தான்.

"சத்தமா சொல்லுங்கட்டி" என்று அம்மா இப்போது திட்டுவதே இல்லை.