நூம்பல் குருந்துக்குக் கட்டிய சிவப்புத் துணி

காலை ஐந்தே முக்கால். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். வானகரம் வரை ஏழெட்டு கிலோமீட்டர், முப்பது ரூபாய். வீட்டில் கார் நிற்கிறது, என் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஆனால் காரில் போனால் வேலியோரச் செடி கண்ணில் படாது.

நான் ஆறாவதோடு நின்றவன். ஒரு டிராக்டரில் தொடங்கி மூன்று ஜேசிபி வைத்தேன். வானகரத்திலிருந்து திருமழிசை வரை எத்தனையோ மனைகளைச் சமன் செய்தது என் வண்டிதான். எந்த மேட்டில் என்ன செடி இருந்ததென்று என்னைவிடத் தெரிந்த ஆள் கிடையாது, பிடுங்கியவனே நான்தானே! அதனால்தான் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் செல்வராணி மேடம், நாட்டுச் செடிகள் நிற்கும் இடங்களை வரைபடத்தில் ஏற்றும் வேலைக்கு என்னைத் தேடி வந்தார்.

போன ஞாயிறு நூம்பல் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு குருந்த மரம் காட்டினேன். ஆள் உயரம், முள், சின்ன எலுமிச்சை போல் காய். இலையைக் கசக்கினால் நாரத்தை வாசனை. இரண்டு மாதம் சுற்றியதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே குருந்து அதுதான். அந்த நேரம் பார்த்து மேடத்தின் போன் அணைந்துவிட்டது. இடத்தைப் பதிய முடியவில்லை. "மறுபடி வந்தா அடையாளம் தெரியணுமே" என்று நான்தான் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து அடிமரத்தில் கட்டினேன்.

ஆறு இருபது, வானகரம். மேடம் டீக்கடையில் காத்திருந்தார். அன்று திருமழிசைக்குப் போவதாகத் திட்டம். பக்கத்தில் டீ குடித்த ஆட்டோக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நூம்பல் பக்கமா போவாதீங்க நைனா. ஏரிக்கரைல நேத்துலேர்ந்து ஜேசிபி எறக்கி வேலிகாத்தானெல்லாம் வாரிக்கினு கீறாங்க. ரோடு ஃபுல்லா முள்ளு."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எங்கள் தொழிலில், பிடுங்க வேண்டிய மரத்துக்குத்தான் சிவப்பு அடையாளம் வைப்போம். முப்பது வருஷம் வைத்த கை, அன்று யோசிக்காமல் கட்டிவிட்டது.

"மேடம், செவப்புன்னா எடுன்னு அர்த்தம்" என்றேன்.

"ஐயா! நீங்கதானே கட்டுனீங்க?"

அந்த ஆட்டோவிலேயே ஏறினோம். நூற்றைம்பது கேட்டார். பேரம் பேசாமல் நான் வண்டி ஏறியது அதுதான் முதல் தடவை. வேலப்பன்சாவடி தாண்டியும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆறு ஐம்பது, ஏரிக்கரை. வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம் நின்ற இடமெல்லாம் வெறும் மண். சங்கஞ்செடிப் புதர் ஒன்று வேரோடு கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டிப் பார்த்தேன். குருந்து நின்றது, துணியோடு! அடியில் அறுத்த எலுமிச்சை, குங்குமம், அணைந்த கற்பூரம். ஜேசிபியின் சக்கரத் தடம் மரத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

ஆபரேட்டர் வண்டி நிழலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, கும்பிட வந்தீங்களா? யாரோ அம்மனுக்கு வேண்டிக்கினு துணி கட்டிக்கீறாங்க. எனுக்குக் கையே வரல. சுத்திக்கினு பூட்டேன்."

"காண்ட்ராக்டர் ஒண்ணும் சொல்லலியா?" என்றேன்.

"செவப்பு கட்டினா எடுக்கணும்டான்னாரு. அப்ப நீயே ஏறி ஓட்டு நைனான்னேன். போய் கற்பூரம் வாங்கியாந்தாரு."

மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கட்டியது நான்தான் என்று சொல்லவில்லை, நல்லவர். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். பொய்க்கு இல்லை, நிஜமாகவே கும்பிட்டேன். மேடம் இந்த முறை மறக்காமல் இடத்தைப் பதிந்தார். பழுத்ததில் ஆறு பழம் பறித்தோம்.

அதற்குமேல் திருமழிசைக்குப் போக எங்களுக்குத் தெம்பு இல்லை. திரும்பிவிட்டோம். அம்பத்தூரில் என் வாசல் முழுக்க சிமெண்ட், நானே நின்று போட்டது. மறுநாள் கடப்பாறையால் ஒரு முழம் உடைத்து விதைகளை ஊன்றினேன். யாரும் மிதிக்காமலிருக்க நாலு குச்சி நட்டு, மிச்சமிருந்த சிவப்புத் துணியைச் சுற்றினேன்.

சாயங்காலம் பார்த்தால் பக்கத்து வீட்டம்மா அங்கே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். காற்றில் அணையாமலிருக்க நான் ஒரு செங்கல் எடுத்து மறைப்பாக வைத்தேன்.