மல்லாட்டை இல்லாத விருந்து

போன ஞாயிற்றுக்கிழமை தொண்டூரில் ஒரு காதுகுத்து. என் வீட்டுக்காரரின் அக்கா சுமதியின் கடைசி மகளுக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். ஆக, போகாமல் தப்பிக்க வழியே இல்லை!

ஏன் தப்பிக்கப் பார்த்தேன்? என் மகன் கவினுக்கு நாலு வயது. நிலக்கடலை ஆகாது. எங்கள் செஞ்சிப் பக்கத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை. இங்கே பிறந்துவிட்டு மல்லாட்டை அலர்ஜி என்றால் யார் நம்புவார்கள்? சட்னியில் அதுதான், குழம்பில் அதுதான், தாளிக்கிற எண்ணெயும் அதுதான். மல்லாட்டை பிடுங்கும் நேரத்தில் நிலத்துப் பக்கம் போனால் ஒரு கை அள்ளிக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். வேண்டாம் என்றால் கோபம் வேறு.

அப்படித்தான் இரண்டு வருடம் முன்பு ஆசையாக அவித்துக் கொடுத்தார் சுமதி அண்ணி. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுத்தது... பைக்கில் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டுக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தப் பயத்தில் அண்ணி ஒரு வார்த்தை சொன்னார். “ஆபரேஷன் பண்ணி எடுத்த புள்ள. பாலும் சரியா குடுக்கல. உடம்புல இன்னா தெம்பு இருக்கும்?”

அண்ணி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிரசவத்தில் கவினின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போனது. அவசர ஆபரேஷன். எனக்குப் பால் ஊறவும் நாளானது. அதுவரை பவுடர் பால்தான். ஆனாலும் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்கப்புறம் செல்போனில் இதைப் பற்றியே படித்தேன். படிக்கப் படிக்கக் குற்றவாளி நான்தான் என்று தோன்றியது. அழாத நாள் குறைவு.

போன வருடம் புதுச்சேரியில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் காட்டினோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சுமதி அண்ணியேதான்! கேட்டே விட்டேன். “டாக்டர், ஆபரேஷனாலயா? நான் பால் குடுக்காததாலயா?”

அவர் பொறுமையாகச் சொன்னார். “சுகப்பிரசவத்துல அம்மாகிட்டேருந்து குழந்தைக்கு நல்ல கிருமிகள் நிறைய போகும். ஆபரேஷன்ல அது குறையுது. அதனால அலர்ஜி கொஞ்சம் கூடலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது. இல்லைன்னு சொல்ற ஆய்வுகளும் இருக்கு. தாய்ப்பால் ரொம்ப நல்லது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கடலை அலர்ஜிய அது தடுத்திடும்னு உறுதியா சொல்ல முடியாது. பரம்பரை, தோல், சாப்பாடுன்னு பல காரணம் இருக்கும்மா. என் பொண்ணு சுகப்பிரசவம். ரெண்டு வயசு வரைக்கும் தாய்ப்பால். அவளுக்கு முட்டை ஆகாது!”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கவின் அவர் மடியிலேயே தூங்கினான்.

இப்போது காதுகுத்துக்கு வருவோம். கைப்பையில் மருந்து, டப்பாவில் அவனுக்குத் தனிச் சாப்பாடு என்று போய் இறங்கினேன். அண்ணி டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தார்.

“இது எதுக்கு? எல்லாரோடயும் பந்தியில உக்காரட்டும். இன்னைக்கு மல்லாட்டையே கெடையாது. எண்ணெய மாத்திட்டேன். வாடகை கிரைண்டர்ல எதை அரைச்சாங்களோன்னு அதையும் வேணாம்னுட்டேன். எங்கூட்டு கிரைண்டரக் கழுவி நானே கூட நின்னு அரைச்சேன்.”

சமையல்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததன் காரணம் புரிந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி கவினைப் பந்திக்கு அழைத்துப் போய்விட்டார்.

பந்தியில் கவின் எனக்கும் ஒரு தூரத்துப் பெரியம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தான். ஊராரோடு ஒரே வரிசையில் அவனுக்குப் போட்ட முதல் இலை அதுதான். பெரியம்மா இலையைப் பார்த்தார்.

“இன்னா சுமதி, மல்லாட்ட சட்னி இல்லாம ஒரு விருந்தா?”

“எம் மருமவனுக்கு ஆவாது பெரிம்மா.”

பெரியம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஆபரேஷன்ல பொறந்த புள்ளயா? தாய்ப்பால் குடுத்தியா, இல்லியா?”

வாயிலிருந்த இட்லியை நான் விழுங்குவதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

“ஆமா பெரிம்மா, ஆபரேஷன்தான். அது மட்டும் பண்ணலைன்னா, இந்த எலையில யாரு உக்காந்திருப்பா?”

கவின் இன்னொரு இட்லி கேட்டான். அண்ணி குனிந்து வைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்னி காரம் என்றேன்.

அது தேங்காய்ச் சட்னி. காரமே இல்லை. நமக்குள் இருக்கட்டும்!