ஜெயபாக்கியத்தின் சண்டை மேடையேறியது

போடிநாயக்கனூரில் ஐம்பதுகளின் நடுவில் தங்கபாண்டியனின் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் சுருளி. வயது முப்பதை நெருங்கிய அவனுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு: சுருக்கெழுத்து. தபால் வழியாகப் படித்தான். பேசுகிறவர் வாய் மூடுமுன் கோடும் கொக்கியுமாக எழுதி முடித்துவிட வேண்டும் என்பது ஆசை. அதற்குப் பழக வேண்டும். பழக யாராவது பேச வேண்டும். போடியில் பேச்சுக்கா பஞ்சம்? பஸ்சுக்கு நிற்கிறவர்கள், டீக்கடைக்காரர்கள், காய் பொறுக்கும் பெண்கள் என்று காதில் விழுந்ததையெல்லாம் எழுதித் தள்ளினான். என்ன பேசுகிறார்கள் என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை. கை பின்தங்காமல் ஓடினால் சரி.

கிட்டங்கியின் பின்கட்டில்தான் முதலாளியின் வீடு. நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்குப் போட வேண்டிய நாடகம் படுத்துவிட்டது. நாடகம் எழுதிச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் காய்ச்சலில் விழுந்துவிட்டார். எப்போதும் ராஜாவாக வரும் தையல்கார மாசானமும், எப்போதும் ராணியாக வரும் ராசிங்காபுரத்து விவசாயி மொக்கச்சாமியும் கிட்டங்கி வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கலாமென்று சுருளி தன் தாள்களில் சிலவற்றை உருவி வாசித்தான். முந்தின வாரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளிக்கும் அவர் மனைவி ஜெயபாக்கியத்துக்கும் நடந்த சண்டை அது. மொக்கச்சாமி சிரிப்பு தாங்காமல் தூணைக் கட்டிக்கொண்டான்.

"மாப்ளே, இதையே போட்ருவோம்டா," என்றான் மாசானம்.

சுருளி தாள்களைச் சட்டென்று மடித்துக்கொண்டான். "அடுத்தவுக வீட்டுப் பேச்சுய்யா. கேக்காமப் போடக் கூடாது."

முதலாளி மலைமேல் இருந்த ஏலத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஜெயபாக்கியத்தின் முன்னால் போய் நின்றான். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சிவந்தது. "தடுப்புக்கு அங்கிட்டு உக்காந்து இந்தச் சோலிதான் பாத்தியா?" என்றவள், வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபடி, "சரி, வாசி," என்றாள்.

வாசித்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "நானாடா இப்படிப் பேசுனேன்? நான் 'ம்க்கும்'னு சொன்னதைக்கூட விடலையே!" சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்க. ஆனா ஒரு வார்த்தைய மாத்தக் கூடாது. அவருகிட்ட மட்டும் மூச்சு விட்றாத."

சதுர்த்தியன்று திடல் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தங்கபாண்டியன். மீசையை மழித்து, சேலை கட்டிய மொக்கச்சாமி வந்து நின்றான்.

"மலைக்கு என்னையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போங்க."

"அட்டை கடிக்கும்," என்றான் புருஷனாக வந்த மாசானம்.

"உங்களையுந்தான கடிக்குது?"

"எனக்குப் பழகிருச்சு."

"உங்க பேச்சே எனக்குப் பழகிருச்சு. அட்டையா பழகாது?"

திடல் அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் தங்கபாண்டியன்தான். "எவன்டா இந்த வெவரங்கெட்ட பய!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

"கேளு, கேளு, முழுசாக் கேளு," என்று மாசானம் கையை வீசினான். "ஜீப்புல எடமில்ல. லோடு வருது."

தொடையில் தட்டப்போன தங்கபாண்டியனின் கை பாதியில் நின்றது. ஊரில் அப்படிக் கையை வீசி, "கேளு, கேளு, முழுசாக் கேளு" என்கிற ஆள் ஒருவர்தான். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னையும் ஒரு மூட்டைன்னு நெனச்சு ஏத்துங்க," என்றான் மொக்கச்சாமி. மறுபடி சிரிப்பு. அது அடங்குமுன் அடுத்த வரி வந்தது. "வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து ஏலக்கா வாசத்துலதான் படுக்குறேன், எந்திரிக்கிறேன். அந்தச் செடி நெட்டையா குட்டையான்னு எனக்குத் தெரியாதுங்க."

பெண்கள் பக்கம் நாலைந்து பேர் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள்.

மேடையோரம் நின்ற சுருளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வார்த்தைகளை எழுதியது அவன் கைதான். பின்தங்காமல் எழுதிவிட்டோம் என்று அன்று பெருமைப்பட்டானே தவிர, அவை அவன் காதில் விழவே இல்லை. இப்போதுதான் விழுந்தன. எந்தப் புலவரும் கட்டியதல்ல, எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பலகைக்கு அந்தப் பக்கம், அடுப்படி வேலைக்கு நடுவில் ஒரு மனுஷி போகிற போக்கில் சொன்னது. ஊரே அதற்கு மூச்சடக்கி நின்றது. தான் எழுதித் தள்ளிய தாள்களில் இன்னும் இப்படி என்னென்ன கிடக்கிறதோ என்று நினைத்தபோது உடனே ஓடிப்போய் அவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நிஜச் சண்டை அதோடு முடிந்திருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி அன்று கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஆகவே மாசானமும் மேடையை விட்டுப் போகத் திரும்பினான். அதற்குள் தங்கபாண்டியன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

நம் வேலை போயிற்று என்று நினைத்தான் சுருளி.

அவர் மேடையைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினார். "ஜெயபாக்கியம்! வெள்ளிக்கெழம ஜீப்பு போகுது. கம்பளி எடுத்து வையி."

இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அட்டைக்குப் பொகையிலையும் எடுத்து வச்சிருக்கேன். வெரசாக் கெளம்புங்க."

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. தங்கபாண்டியனும் சிரித்தார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை சுருளியும் கூடப் போனான். போடிமெட்டு தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஜெயபாக்கியம் அண்ணாந்து பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மேல் தழைத்து நின்றது செடி. இலைகளுக்குள் காயைத் தேடினாள். தங்கபாண்டியன் குனிந்து அடித்தூரை விலக்கிக் காட்டினார். மண்ணோடு மண்ணாகப் படர்ந்த சரங்களில் பச்சைக் காய்கள். நடுநடுவே ஊதாக் கீற்றோடிய வெள்ளைப் பூக்கள். அவள் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டு ஒசரம் வளந்துட்டு, காய மட்டும் காலடியிலயா வச்சிருக்கு?"

தங்கபாண்டியனும் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக அந்தக் காயை விற்றவர், முதல் தடவை பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருளி பின்னால் அரசாங்க அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளனாகி மதுரைக்குப் போனான். ஆனாலும் சதுர்த்திக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிடுவான். கேட்டு, சம்மதித்தவர்கள் பேச்சை மட்டும்தான் நாடகமாக்குவது என்று வைத்துக்கொண்டான். ஆள் கிடைப்பது கஷ்டம் என்று பயந்தான். ஆனால் அவன் மதுரைக்குப் போகுமுன்னரே, மறு வருஷ ஆவணியில், குரங்கணியிலிருந்து ராக்கு என்றொருத்தி தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து கிட்டங்கி வாசலில் நின்றாள்.

"எங்க சண்டைய எழுதுங்கண்ணே," என்றாள். "இப்பவே ஆரம்பிக்கவா?"